போனைப் பிடுங்குவதா, பூட்டுவதா, பேசி முடிப்பதா? செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போது பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். ராத்திரி 2 மணி வரை போன் வெளிச்சம். காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். மார்க் இறங்கிவிட்டது. விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். வந்தாலும் முகப்பில் ஒரு தூணோரம் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறான். இதற்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். போனைப் பிடுங்கி வை என்பார் ஒருவர். ஆப் போட்டுப் பூட்டு என்பார் இன்னொருவர். ஹாஸ்டலில் சேர், உட்கார்ந்து பேசி நேரம் வகுத்துக்கொள், டாக்டரிடம் கூட்டிப் போ என்று மற்றவர்கள்.

நான் பள்ளி ஆசிரியை. இந்தப் பிள்ளைகளைப் பகலில் வகுப்பில் பார்க்கிறேன், இவர்களுடைய அம்மாக்களைச் சாயங்காலம் பள்ளி வாசலில் பார்க்கிறேன். எனக்குச் சரியென்று படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி நேரத்தை மட்டும் முதலில் மீட்க வேண்டும். அதையும் பிள்ளையோடு பேசி, வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடாகச் செய்ய வேண்டும். பூட்டு அதற்குத் துணையாக இருக்கலாம். டாக்டரைக் கடைசி வழியாகத் தள்ளி வைக்க வேண்டாம். பிடுங்குவதும் ஹாஸ்டலும் பெரும்பாலான வீடுகளுக்கு உதவாது. ஏன் என்று பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. போன் அதிகம் பார்க்கும் பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு சேர்க்கப்பட்டிருக்கிறது. ரீல்ஸ், சாட் போன்றவை அதில் தனி நோயாக இல்லை. ஆனாலும் கேமிங்குக்கு அவர்கள் சொல்லும் அடையாளங்களை மற்றவற்றுக்கும் நாம் ஒரு அளவாக வைத்துப் பார்க்கலாம். தொடங்குவதும் நிறுத்துவதும் பிள்ளையின் கையில் இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அது வந்து நிற்பது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது. இவை படிப்பையோ குடும்பத்தையோ உடம்பையோ கணிசமாகப் பாதிக்க வேண்டும், பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு எதுவும் அதில் கிடையாது. நான்கு மணி நேரம் பார்த்துவிட்டு நன்றாகத் தூங்கி, பந்து விளையாடி, உங்களோடு சண்டையும் சமாதானமுமாக இருக்கிற பிள்ளையைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். இரண்டு மணி நேரமே பார்த்தாலும் அதற்காகப் பொய் சொல்கிற, தூக்கத்தை விடுகிற, சிநேகிதர்களை விட்டு விலகுகிற பிள்ளையைக் கவனியுங்கள்.

பிடுங்குவது

எல்லா வீட்டிலும் முதலில் நடப்பது இதுதான். கோபத்தில் நடப்பதால் உடனே பலன் தெரிந்த மாதிரியும் இருக்கும். இரண்டாம் நாள்தான் பிரச்சினை தொடங்கும்.

ரீல்ஸும் கேமும் எப்படிப் பிடிக்கின்றன என்று தெரிந்தால் இது புரியும். அடுத்தது நன்றாக இருக்குமா, சப்பென்று இருக்குமா என்று தெரியாமலேயே விரல் தள்ளுகிறது. எப்போது பரிசு விழும் என்று தெரியாத வேலையைத்தான் எந்த உயிரும் விடாமல் செய்யும் என்பதை ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்துப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். அதே ஆராய்ச்சிகளில் தெரிந்த இன்னொன்றும் உண்டு. வழக்கமாக வந்த பரிசைச் சட்டென நிறுத்தினால், அந்தப் பழக்கம் குறைவதற்கு முன்னால் ஒரு முறை உக்கிரமாக எழும். வீட்டில் அது கத்தலாக, கதவை அறைவதாக, சாப்பிடாமல் கிடப்பதாக வரும்.

அப்போது என்ன நடக்கிறது? அப்பாவும் அம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். நான்காம் நாள் அப்பத்தாவுக்கு மனசு கேட்காது. "பிள்ளை பச்சைத் தண்ணி பல்லுல படாமக் கிடக்குது, குடுத்துத் தொலைங்க" என்று தானே எடுத்துக் கொடுத்துவிடுவார். பாசத்தில் செய்வதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கு நாள் பட்டினி கிடந்தால் போன் வரும் என்று பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்கிறான். அடுத்த முறை ஐந்து நாள் கிடப்பான். கடைசி வரை நிற்க முடியாத தடையைப் போடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் அப்பா சிங்கப்பூரில், மலேசியாவில், வளைகுடாவில். அவரை முகம் பார்ப்பதே வாட்ஸ்அப் வீடியோவில்தான். போனே பெரும்பாலும் அவர் வாங்கி அனுப்பியது. அதைப் பிடுங்கி பீரோவில் வைத்தால் பையனுக்கு அப்பாவும் சேர்ந்து போய்விடுகிறார். போதாததற்குப் பள்ளி வீட்டுப்பாடமும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. முழுத் தடை என்பது காகிதத்தில்கூட நிற்காத திட்டம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பிடுங்குவதால் வரும் ஆபத்து இதைவிடப் பெரியது. இன்ஸ்டாகிராமில் பழக்கமான ஒருவன் படத்தை வைத்து மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொன்னால் போன் போய்விடும், பள்ளிக்கூடமே நின்றுவிடும் என்று பயப்படுகிற பெண் சொல்லவே மாட்டாள், மிரட்டுகிறவன் கேட்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பாள். "என்ன நடந்தாலும் சொல்லு ஆத்தா, போனையும் வாங்கமாட்டேன், படிப்பையும் நிறுத்தமாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து வைக்க வேண்டும். அப்படி ஏதாவது நடந்தால் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையோ, குழந்தைகளுக்கான 1098ஐயோ அழைக்கலாம்.

போனை வாங்கினால் செத்துப்போவேன் என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டலாக எண்ணித் தள்ளிவிடாதீர்கள். அந்த ராத்திரி அவனைத் தனியாக விடாமல், பூச்சிமருந்து, மாத்திரைகளை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். உடனே ஏதாவது செய்துகொள்வான் போலத் தெரிந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆறாவது, ஏழாவது படிக்கும் சின்னப் பிள்ளையிடம் சொந்தப் போன் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்வது நியாயம்தான். அந்த வயதில் வீட்டுப் போனே போதும்.

பூட்டுவது

ஆண்ட்ராய்டில் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம். இரண்டுக்கும் காசு கிடையாது. ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம், ராத்திரி இத்தனை மணிக்கு அணைந்துவிடும், புது ஆப் போட வேண்டுமானால் பெற்றோர் அனுமதி வேண்டும் என்றெல்லாம் வைக்கலாம். அப்பா சிங்கப்பூரில் இருந்தபடியே தன் போனிலிருந்து வைக்க முடியும் என்பது நம் வீடுகளுக்கு உண்மையிலேயே வசதி.

11 முதல் 13 வயது வரை இது நன்றாக வேலை செய்கிறது. பதினாறு வயதுப் பையனிடம் அப்படி இல்லை. பீரோவில் கிடக்கும் பழைய போன், அம்மாவைப் பெற்ற ஆயாவின் போன், சிநேகிதனின் ஹாட்ஸ்பாட் என்று அவனுக்கு வழி இருந்துகொண்டே இருக்கும். பூட்டு ஒன்றை மட்டும் நம்பினால் வீடு திருடன் போலீஸ் விளையாட்டாகிவிடும்.

ஒரு குறிப்பிட்ட ஆப்பை மட்டும் எடுத்துவிடுவதிலும் பெரிய பயன் இல்லை. 2020 ஜூனில் அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. அந்த செப்டம்பரில் பப்ஜி போனதும் பிள்ளைகள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். ஆப் மாறியது, விளையாடும் நேரம் மாறவில்லை.

பூட்ட வேண்டிய இடம் ஒன்று கட்டாயம் உண்டு: பணம். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். அப்பத்தாவின் போனில் இருக்கும் ஜிபேயின் ரகசிய எண் பேரனுக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனால் சாதாரண கேமுக்குள் டைமண்ட், துப்பாக்கி, உடுப்பு வாங்குவது அந்தத் தடைக்குள் வராது.

பிள்ளைக்குத் தெரியாமல் அவன் செய்திகளைப் படிக்கும் உளவு ஆப்களைப் போடாதீர்கள். தெரியவந்த அன்றே அவன் உங்களிடம் வாயை மூடிக்கொள்வான். எந்தப் பூட்டானாலும் அவன் கண் முன்னால், காரணம் சொல்லி வைப்பதுதான் முறை.

ஹாஸ்டல்

பெரிய செலவு, சின்னப் பலன். உள்ளே இருக்கும்வரை போன் இருக்காது, உண்மைதான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போகிற பிள்ளைகள்கூட அந்த நாட்களில் போனை அவ்வளவாகத் தேடுவதில்லை. கூட ஆள் இருக்கிறது, கால் வலிக்கிறது, படுத்ததும் தூக்கம் வருகிறது. ஊர் திரும்பியதும் பழைய அறை, பழைய தனிமை, ஒரு வாரத்தில் பழைய பழக்கம். ஹாஸ்டல் பிள்ளையும் மே மாத லீவில் அதே அறைக்குத்தான் வருகிறான். அதோடு, வீட்டில் என்னை வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள் என்ற நினைப்பையும் கொண்டுவருகிறான். வேறு காரணத்துக்கு ஹாஸ்டல் வேண்டுமானால் சேருங்கள். இதற்கு மருந்தாக நினைத்துச் சேர்க்க வேண்டாம்.

பேசி முடிப்பது

மெதுவான வழி, பெற்றோருக்கும் வேலை வைக்கிற வழி. அதனால்தான் பலர் இதைத் தொடங்கி இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். இருந்தாலும் 14 வயதுக்கு மேல் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் அவன் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ தனி அறையில் இருப்பான். அங்கே பூட்டவும் பிடுங்கவும் யாரும் இருக்கப் போவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ராத்திரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு. காலை 6 மணிக்கு எழுந்தால்தான் பள்ளி வேன் பிடிக்க முடியும் என்றால் 10 மணிக்குள் படுத்திருக்க வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மறுநாள் எரிச்சல், மறதி, சோர்வு. அந்தச் சோர்வுக்கு எளிதாகக் கிடைக்கும் ஆறுதல் மறுபடியும் போன்தான். இந்தச் சுற்றை ராத்திரியில் வெட்டினால் பகலில் பாதிச் சண்டை தானாகக் குறைவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளின் அமைப்பும் இதில் கணக்கில் வருகிறது. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் வீட்டில், மாடி அறையில் ஒரு பிள்ளை விழித்திருப்பது கீழே யாருக்கும் தெரியாது. ஆகவே சார்ஜர்களை எல்லாம் வீட்டில் எல்லோரும் புழங்கும் கூடமான பட்டாலையில் ஒரே இடத்தில் வையுங்கள். 9:30 ஆனதும் வீட்டில் இருக்கிற எல்லாப் போனும் அங்கே போக வேண்டும். அம்மாவின் சீரியல் போன், ஐயாவின் வாட்ஸ்அப் போன் உட்பட. பெரியவர்கள் வைக்கவில்லை என்றால் இதைத் தொடங்கவே வேண்டாம், பிள்ளை அதே வாரம் சுட்டிக் காட்டிவிடுவான். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான். கடையில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவசர அழைப்பு வந்தால் பட்டாலையில் மணி கேட்கும்.

அப்பாவோடு பேசும் நேரத்தையும் முன்னால் கொண்டு வாருங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. நம் 7 மணி அங்கே 9:30. அவர் வேலை முடித்துச் சாப்பிட்டிருப்பார். தினமும் அந்த நேரம் என்று வைத்துக்கொண்டால், "அப்பா கூப்பிடுவாங்க" என்று ராத்திரி போனை வைத்துக்கொள்ளும் காரணம் போய்விடும். அந்தப் பேச்சில் மார்க்கையும் போனையும் பற்றிய விசாரணையை வாரத்துக்கு ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். மற்ற நாட்களில் அவர் தன் வேலையைப் பற்றிப் பேசட்டும், பையனுடைய கேமைப் பற்றியே கேட்கட்டும்.

எப்படித் தொடங்குவது? போன் கையில் இருக்கும்போது வேண்டாம், சண்டை நடந்த அன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, வேறு ஆள் இல்லாதபோது கேளுங்கள். "தம்பி, ராத்திரி தூக்கம் வருதா உனக்கு? காலையில ரொம்பச் சிரமப்படுற மாதிரித் தெரியுது." பதில் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று அவன் வாயாலேயே சொல்லவிட வேண்டும். "கேம்லதான் எனக்கு நாலு பேரு இருக்காங்க" என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். பெற்றோர் தயங்காமல் கேட்டுக்கொள்ள வேண்டிய பதில் அது.

அந்த நாலு பேர் ஏன் கேமில் மட்டும் இருக்கிறார்கள்? கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். வரிசையாகப் பூட்டிய வீடுகள். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறந்து, மறுபடி பூட்டி, சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். திறந்திருக்கிற வீட்டிலும் இரண்டு பெரியவர்களும் ஒரு பிள்ளையும். தெருவில் அவன் வயதுக்கு இன்னொரு பையன் இல்லை. நாம் ஓடிப் பிடித்து விளையாடிய தெரு அவனுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததை எடுத்துக்கொண்டான். இதை ஒப்புக்கொள்ளாமல் "வெளியே போய் விளையாடேன்டா" என்றால் அவனுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

ஆகவே எடுக்கிற நேரத்துக்குப் பதிலாக மற்ற பிள்ளைகள் இருக்கும் இடம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். காரைக்குடிக்கு வாரம் மூன்று நாள் கொண்டுபோய் விட்டு அழைத்துவர ஒருவர் முன்வந்தால் சிலம்பமோ இறகுப்பந்தோ கால்பந்தோ எதுவானாலும் சரி. எது என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். டியூஷனை இதில் சேர்க்காதீர்கள். சிநேகிதர்களை வீட்டுக்கு அழைத்து, முகப்பில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து கேம் விளையாடினாலும் பரவாயில்லை, தனியாக மாடியில் விளையாடுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதுங்கள். ராத்திரி ஏற்பாடு, விடுமுறை நாளில் அவனுக்குள்ள நேரம், மீறினால் என்ன என்பது மூன்றும் இருந்தால் போதும். மீறினால் மறுநாள் அரை மணி நேரம் குறைவு என்பது போலச் சின்னதாகவும், உங்களால் கட்டாயம் நிறைவேற்ற முடிவதாகவும் இருக்கட்டும். அப்பத்தாவும் ஆயாவும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களைச் சேர்க்காமல் எழுதிய தாள் நான்காம் நாள் கிழிந்துவிடும். முதல் மாதத்தில் நிச்சயம் சில முறை மீறுவான். அதை வைத்து ஏற்பாடே தோற்றுவிட்டது என்று முடிவுகட்டிப் பழையபடி பிடுங்கத் தொடங்காதீர்கள்.

டாக்டரிடம் போவது

இதைத் தாமதப்படுத்துவதில்தான் நம் ஊர் மிகவும் தப்பு செய்கிறது என்று நினைக்கிறேன். வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண் பார்க்கும்போது பேச்சு வரும் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இன்றைக்குக் கிடைக்க வேண்டிய உதவியை நிறுத்தி வைக்கிறார்கள்.

போன் பழக்கத்துக்கு அடியில் வேறொன்று இருப்பது சகஜம். மனச்சோர்வு, பதற்றம், மனிதர்களோடு பழகுவதில் பயம், கவனக்குறைவுக் கோளாறு. அது கவனிக்கப்படாமல் இருக்கும்வரை நேரக் கட்டுப்பாடு எதுவும் நிற்காது. பல வாரமாகப் பள்ளிக்குப் போக மறுப்பது, குளிக்காமல் சாப்பிடாமல் இருப்பது, பிடித்த எல்லாவற்றையும் விட்டுவிடுவது, அம்மாவை அடிப்பது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பேச்சு ஏற்பாட்டின் முடிவுக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

மருத்துவர் போனை விடு என்று உபதேசம் செய்து அனுப்பமாட்டார். எப்போது, எந்த மனநிலையில் கை போனுக்குப் போகிறது என்று பிள்ளையோடு சேர்ந்து கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறென்ன செய்யலாம் என்று பழக்கும் சிகிச்சைதான் பொதுவாகத் தரப்படுகிறது. பெற்றோரையும் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். மாத்திரை பெரும்பாலும் அடியில் இருக்கும் மனச்சோர்வு போன்றவற்றுக்குத்தான்.

வெளியே தெரியாமல் தொடங்க வேண்டுமானால் 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பிள்ளை வரமாட்டேன் என்றால் முதலில் அம்மா மட்டும் பேசலாம். நேரில் பார்க்க சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இணையப் பழக்கத்துக்கென்றே 2014இல் ஒரு தனி கிளினிக் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் எடுத்த எடுப்பில் தேவைப்படாது. இங்கே பார்த்தும் நகரவில்லை என்றால் போகலாம். பிள்ளையிடம் "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, வா" என்ற தொனி வந்துவிடக் கூடாது. தூக்கத்துக்காகப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் அது உண்மையும்கூட.

கடைசியாக, எப்போது தொடங்குவது என்ற கேள்வி. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது போனில் கை வைத்தால் சண்டையிலேயே அந்த மாதம் போய்விடும். அந்தச் சமயத்தில் பட்டாலை சார்ஜர் ஏற்பாடு ஒன்றை மட்டும் செய்துவிட்டு, மற்றவற்றைத் தேர்வு முடிந்தபின் பேசலாம். லீவு விட்ட முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். நாள் முழுக்கக் காலியாக, அறைக்குள் கழியப் போகிற இரண்டு மாதம் அதற்கு அடுத்து வருகிறது.